நல்லூர்த் திருவிழா முடிந்த பின் புறாமலையா, மாலைதீவா? முதன்முறை கடலுக்குள் இறங்கும் குடும்பத்துக்கு ஆலோசனை தேவை

கோப்பாய் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கனடாவில் வசிக்கும் எனது தமையனார் இந்த வருடம் நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பத்துடன் வருகிறார். திருவிழா நடைபெறும் 25 நாள்களும் எங்கள் வீட்டில் விரதம் என்பதால், ஆவணி அமாவாசைத் தீர்த்தம் முடியும்வரை நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட மாட்டோம். அதன் பின் எஞ்சும் ஒரு வாரத்தில் எல்லோருமாக ஒரு தீவுக்குச் சென்று, கடலடியில் உள்ள முருகைக்கற்களையும் (பவளப்பாறைகளையும்) மீன்களையும் பார்க்க வேண்டும் என்பது பிள்ளைகளின் விருப்பம். மாலைதீவுக்குப் போகலாம் என்கிறார் அண்ணி. திருகோணமலைப் பக்கமுள்ள புறாமலைத் தீவே போதும் என்கிறார் என் கணவர்.

அண்ணாவின் மூத்த மகனுக்கு 17 வயது. அவன் அங்கே காற்றுச் சிலிண்டருடன் சுழியோடப் பயின்று ‘ஓப்பன் வோட்டர்’ என்னும் அடிப்படைச் சுழியோட்டச் சான்றிதழும் பெற்றிருக்கிறான். இளையவனுக்கு 13 வயது, நன்றாக நீந்துவான். என் மகளுக்கு 15 வயது. அவளுக்கும் எனக்கும் நீச்சல் தெரியாது. அண்ணாவுக்கு வயது 52, இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கிறார். அம்மாவுக்கு 68 வயது. அவர் வருவது கோணேசர் தரிசனத்துக்காக. கடலை முடித்துக்கொண்டு அடுத்த நாளே நுவரெலியாவுக்கும், அங்கிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கும் செல்வதாக இப்போதைய திட்டம் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வடமராட்சிக் கடலோடி

ரீச்சர், எந்தத் தீவு என்று பேசுவதற்கு முன் எந்தக் காற்று என்று பார்ப்பதே முறை. சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரையான மாதங்களில் ஹிக்கடுவை, உணவட்டுன, கற்பிட்டி ஆகிய தெற்கு, மேற்குக் கரைகள் கொந்தளித்துக் கலங்கிக் கிடக்கும். அதே மாதங்களில் கிழக்குக் கரை அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும். வாடை எனும் வடகிழக்குக் காற்று தொடங்கியதும் இந்த நிலை தலைகீழாக மாறிவிடும். கற்பிட்டிக்கு அப்பால் உள்ள, 1992 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ‘பார் ரீஃப்’ கடற்பாரைப் பார்க்க விரும்புவோர் கார்த்திகைக்குப் பின், சித்திரைக்குள் செல்வதும் இதனால்தான். நீங்கள் குறிப்பிடும் நாள்கள் ஆவணிக் கடைசியிலோ புரட்டாதித் தொடக்கத்திலோ வருகின்றன. திருகோணமலைக் கடலுக்கு அது நல்ல காலம். திருவிழா உங்கள் திட்டத்துக்குத் தடையாக இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

புறாமலை நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. கடற்பரப்பையும் சேர்த்து ஏறத்தாழ 471 ஹெக்டேயர். பெரிய தீவு, சிறிய தீவு என இரண்டு உண்டு. மாடப்புறாக்கள் அங்குள்ள பாறைகளில் கூடு கட்டுவதால் அந்தப் பெயர் வந்தது. முருகைக்கல் பார் (கடலடித் திட்டு) கரைக்கு மிக அருகிலேயே தொடங்குவதால், மார்பளவு நீரில் நின்று முகத்தைத் தாழ்த்தினாலே மீன்களைப் பார்க்கலாம். நீச்சல் தெரியாத இருவர் இருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய வசதி.

ஒரு விடயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த மாதங்களில் கிழக்குக் கரையில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். திருகோணமலை மக்கள் அதைக் கச்சான் என்பார்கள். கரையிலிருந்து வீசும் காற்று கரையோரத்தில் அலை எழுப்பாது. ஆகவே கடல் குளம்போலத் தெரியும். ஆனால் முகத்தை நீருக்குள் வைத்து, மீனிலேயே கண்ணாக மிதப்பவரை அது மெல்ல மெல்ல வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். தலையை உயர்த்தும்போது கரை எங்கோ இருக்கும். காற்றடைத்த மிதவைகளையும் மெத்தைகளையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட வேண்டாம். காற்றை எதிர்த்து வெளியே போய், காற்றோடு திரும்புவது நல்ல வழக்கம். இங்கே அது முடியாது என்பதால், கரைக்கு இணையாக மட்டும் நகர்வதும், சிறிது நேரத்துக்கொருமுறை தலையை உயர்த்திக் கரையிலுள்ள ஓர் அடையாளத்தைப் பார்ப்பதும் அவசியம். ஒருவர் நீருக்குள் இறங்காமல் கரையில் நின்று எண்ணிக்கொண்டிருக்கட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை 230 கிலோமீற்றருக்குச் சற்று மேல் வரும். வான் ஒன்றில் முதல் நாளே சென்று நிலாவெளியிலோ உப்புவெளியிலோ தங்கிவிட்டு, மறுநாள் காலையில் முதற் படகுகளோடு தீவுக்குச் செல்லுங்கள். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) நாள்களில் தீவில் கால் வைக்க இடமிருக்காது. மக்கள் கலக்கும் மணலில் நீரும் மங்கிவிடும்.

ஆழிசூழ்

மாலைதீவின் பக்கத்தையும் ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். அண்ணியாரின் விருப்பம் நியாயமானதே. மாலைதீவின் பவளத்தீவு வளையங்கள் ஆழ்கடலின் நடுவே எழுந்து நிற்பவை. ஆற்று நீரோ வண்டலோ அங்கே வந்து சேர்வதில்லை. ஆகவே அங்குள்ள தெளிவை நமது கரைகளில் எதிர்பார்க்க முடியாது. கொழும்பிலிருந்து மாலேக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம். அங்கே இறங்கியவுடன் எல்லா நாட்டவருக்கும் 30 நாள் வருகை விசா கட்டணமின்றி வழங்கப்படுகிறது. பயண அறிவிப்புப் படிவத்தைப் பறப்பதற்கு முந்திய 96 மணித்தியாலங்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். சொகுசுத் தீவுகளை விடுத்து, மாபுஷி போன்ற மக்கள் வாழும் தீவுகளில் உள்ள விருந்தினர் இல்லங்களில் தங்கினால் செலவு வெகுவாகக் குறையும். அங்கே ஊர் மக்கள் உடலை மூடிய உடையிலேயே நடமாடுவதால் நம் வீட்டுப் பெண்களுக்கும் கூச்சம் இருக்காது.

ஆயினும் காலத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். மாலைதீவில் தெளிந்த வானமும் தெளிந்த நீரும் மார்கழி முதல் சித்திரை வரை கிடைப்பவை. நீங்கள் செல்லவிருக்கும் ஆவணி, புரட்டாதி மாதங்களில் மழையும் காற்றும் உண்டு. நீரில் மிதவையுயிர்கள் பெருகுவதால் தெளிவும் சற்றுக் குறையும். ஆனால் அதே மிதவையுயிர்களை உண்பதற்காகத்தான் பா வளையத்திலுள்ள ஹனிபாரு விரிகுடாவுக்கு மண்டா திருக்கைகள் கூட்டமாக வருகின்றன. சில நாள்களில் அம்மணி உழுவையும் (திமிங்கலச் சுறா) வரும். 2011 இல் யுனெஸ்கோ அந்த வளையத்தை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்டது. அந்த விரிகுடாவில் சிலிண்டருடன் இறங்க அனுமதி இல்லை; வாயில் கடிக்கும் மூச்சுக்குழாயோடு (ஸ்நோர்க்கல்) மேற்பரப்பில் மிதந்தபடிதான் பார்க்கலாம். நீச்சல் தெரிந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய காட்சி இந்தப் பகுதியில் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

நீச்சல் தெரியாதவர்கள் இருவர் இருக்கும் குழுவுக்கு அதே அளவு உறுதியுடன் மாலைதீவைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே பல பார்களுக்குப் படகில் சென்று, காலூன்ற இடமில்லாத நீரில் இறங்க வேண்டும். வளையங்களின் வாய்க்கால்களில் நீரோட்டம் மிகக் கடுமையானது. மருமகன் மட்டும் பின்னொரு காலத்தில் போய் வரட்டும்.

இணுவில் இளைஞன்

நெடுந்தீவு, நயினாதீவு, காரைநகர் என்று நம்மைச் சுற்றியே இவ்வளவு தீவுகள் இருக்கும்போது, திருகோணமலைக்கு ஏன் செல்ல வேண்டும்? நெடுந்தீவில் முருகைக்கல் வேலியாகவே நிற்கிறதே. அங்கே சுழியோடிப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

குருநகர்க் கரை

தம்பி, அங்கு வேலியாக நிற்பது கரையில் வெட்டியெடுத்த பழைய முருகைக்கல். உயிருள்ள முருகைக்கல்லும் நம் தீவுகளைச் சுற்றி உண்டு. ஆனால் பார்ப்பதற்கு நீர் தெளிய வேண்டும். பாக்கு நீரிணையில் பெரும்பாலான இடங்களில் ஆழம் 15 மீற்றருக்கும் குறைவு. அடியில் சேறும் மணலும். சோளகம் வீசும் காலத்தில் காற்று அடிமட்டம்வரை கிளறிவிடுவதால், கையை நீட்டினால் விரல் தெரியாத நாள்களும் உண்டு. குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் செல்வதே அந்த மாதங்களில் எவ்வளவு ஆட்டம் என்பதை ஊரவர்களைக் கேட்டால் சொல்வார்கள். காற்று விழும் பங்குனி, சித்திரை நாள்களில் நம் கடல் தெளியும், அப்போது பார்க்கலாம்.

இந்த இழையில் சிலிண்டர் பற்றிய பேச்சும் வந்திருப்பதால், எங்கள் கரையிலிருந்து ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளித்தவர்கள்; இன்று எங்கள் பிள்ளைகள் சிலிண்டர் கட்டிக் கடலட்டை எடுக்கிறார்கள். கால் இழுத்து நடப்பவர்களும், சிறுநீர் போவது தெரியாமல் படுக்கையில் கிடப்பவர்களும் எங்கள் சனத்துக்குள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் நல்ல நீச்சல்காரர்கள்; தைரியத்துக்கும் குறைவில்லை. ஆழத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம், எவ்வளவு மெதுவாக ஏற வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் முறையாகக் கற்பிக்கவில்லை. ஒரே நாளில் பல சிலிண்டர்களை முடித்துக்கொண்டு ஏறுகிறார்கள்.

நடப்பது இதுதான். கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 20 மீற்றரில் நாம் இழுக்கும் காற்று மேற்பரப்பில் இழுப்பதைவிட மூன்று மடங்கு செறிவானது. அந்தக் காற்றிலுள்ள நைதரசன் நேரம் செல்லச் செல்ல இரத்தத்திலும் தசையிலும் கரைந்து நிறைகிறது. மெதுவாக ஏறினால் அது மூச்சோடு வெளியேறிவிடும். விரைந்து ஏறினால் சோடாப் போத்தலைத் திறந்ததுபோல உடலுக்குள்ளேயே குமிழாகிவிடும். அந்தக் குமிழ் மூட்டில் நின்றால் வலி, முள்ளந்தண்டில் நின்றால் முடக்கம். இதனால்தான் முறையாகப் பயின்றவர்கள் நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏறாமல், 5 மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் தரித்து, அதன் பிறகே மேலே வருகிறார்கள். ஏறும்போது மூச்சை அடக்கவும் கூடாது: ஆழத்தில் நிரம்பிய காற்று மேலே வர வர விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். இதற்குப் பத்து மீற்றர் ஆழம்கூடத் தேவையில்லை.

ரீச்சரின் மருமகன் சான்றிதழ் வைத்திருக்கிறான் என்பது மகிழ்ச்சி. சான்றிதழ் இல்லாத மற்றவர்கள், ‘சும்மா ஒரு முறை கட்டிப் பார்க்கலாம்’ என்று தெரிந்த மீனவர் எவரிடமும் சிலிண்டர் வாங்கிக் கட்ட வேண்டாம். எங்கள் ஆட்களாக இருந்தாலும் வேண்டாம்.

கோப்பாய் ஆசிரியை

அனைவருக்கும் மிக்க நன்றி. குருநகர் ஐயாவின் பதிவை வீட்டில் எல்லோருக்கும் உரக்க வாசித்தேன். மாலைதீவு இம்முறை இல்லை என்பதை அண்ணியும் ஏற்றுக்கொண்டார். இப்போது எனக்கு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அண்ணாவின் இரத்த அழுத்தம் இதற்குத் தடையாகுமா? மூத்தவன் திருகோணமலையில் சிலிண்டருடன் எங்கே இறங்கலாம்?

யாழ் மருத்துவர்

முதலாவது கேள்விக்கு நான் பதிலளிக்கிறேன். சிலிண்டருடன் இறங்க விரும்பும் எவருக்கும் சுழியோட்ட நிலையங்கள் ஒரு மருத்துவ வினாப்படிவம் கொடுக்கும். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், நீரிழிவு, காதுச் சத்திரசிகிச்சை, நெஞ்சறையில் காற்றுக் கசிந்த வரலாறு என அதில் கேட்கப்படும் எதற்காவது ‘ஆம்’ என்ற பதில் வந்தால், மருத்துவரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். பயணம் குழம்பிவிடுமே என்று அந்தப் படிவத்தில் உண்மையை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். படிவத்தை இப்போதே எடுத்து நிரப்பி, கனடாவிலேயே அவருடைய குடும்ப மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அழுத்தம் மருந்தால் கட்டுப்பாட்டில் இருந்து, இரண்டு மாடிப் படிகளை மூச்சு வாங்காமல் ஏறக்கூடியவராகவும் இருந்தால், உயிர்காப்பு அங்கியுடன் மேற்பரப்பில் மிதப்பதற்கு அவருக்குப் பெரும்பாலும் தடை இருக்காது. ஆனால் மூச்சுக்குழாயுடன் மிதப்பது எளிதான விளையாட்டு என்று நினைத்து ஐம்பது வயது கடந்தவர்கள் திடீரென நீரில் கடுமையாக உழைப்பதும், நெஞ்சு அடைப்பதை யாரும் கவனிக்காமல் விடுவதும் பல நாடுகளில் மரணங்களுக்குக் காரணமாகியுள்ளன. அவர் தனியாக மிதக்கக் கூடாது. இளையவன் அருகிலேயே இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் திட்டத்தில் எனக்குக் கவலை தரும் பகுதி அதுதான். சுழியோடிய அடுத்த நாளே நுவரெலியாவுக்குச் செல்வதாக எழுதியிருக்கிறீர்கள். விமானத்தில் ஏறுவதற்கு முன் ஒரேயொரு முறை சுழியோடியவர் 12 மணித்தியாலமும், பல முறை அல்லது பல நாள் சுழியோடியவர் 18 மணித்தியாலமும் காத்திருக்க வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் வழிகாட்டல். மலைக்கும் இதே காரணம் பொருந்தும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். விமான அறைக்குள் பேணப்படும் அழுத்தம் ஏறத்தாழ 2,400 மீற்றர் உயரத்துக்குச் சமமானது வரை இறங்கலாம். இரண்டுக்கும் இடையில் பெரிய வேறுபாடில்லை. உடலில் எஞ்சியிருக்கும் நைதரசன், வெளி அழுத்தம் குறைந்ததும் குமிழாவதற்கு வாய்ப்பு உண்டு. மூத்தவன் இரண்டு நாள் சுழியோடினால், கடைசி முறை ஏறியதிலிருந்து ஒரு முழு நாள் கழியட்டும். அந்த நாளைக் கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் ஒதுக்கினால் உங்கள் அம்மாவின் விருப்பமும் நிறைவேறும். மூச்சுக்குழாயுடன் மேற்பரப்பில் மட்டும் மிதந்த மற்றவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

தடிமன், மூக்கடைப்பு இருக்கும் நாளில் எவரும் கீழே இறங்கக் கூடாது. காதில் வலி தொடங்கிய பின் மூக்கைப் பிடித்து ஊதுவது காலங்கடந்த செயல். வலி வருமுன்பே, ஒவ்வொரு மீற்றருக்கும் மெதுவாகச் செய்ய வேண்டும். சுழியோடிய பின் மூட்டு வலி, விறைப்பு, அளவுக்கு மீறிய களைப்பு, தலைச்சுற்று ஏற்பட்டால் நித்திரை கொண்டால் சரியாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். உடனே ஒட்சிசன் கொடுக்க வேண்டும், வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அழுத்த அறைச் சிகிச்சை வசதி திருகோணமலையில் கடற்படையிடம் உண்டு. கனடாவிலிருந்து வருபவர்களின் பயணக் காப்புறுதியில் சுழியோட்டம் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். பல காப்புறுதிகள் அதை விலக்கியே எழுதப்படுகின்றன.

உப்புவெளிவாசி

இரண்டாவது கேள்விக்கு: நிலாவெளியிலும் உப்புவெளியிலும் சுழியோட்ட நிலையங்கள் உண்டு. எந்த நிலையத்தைத் தெரிவு செய்தாலும், வழிகாட்டுபவரின் தகுதிச் சான்று, படகில் ஒட்சிசன் உண்டா என்பது, ஒரு வழிகாட்டியுடன் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்பது ஆகியவற்றைக் கேட்டறிந்த பின்னரே பணம் கொடுங்கள். நல்ல நிலையத்தார் இந்தக் கேள்விகளை விரும்புவார்கள்.

மருமகனின் சான்றிதழ் 18 மீற்றர் வரைக்குமானது. புறாமலையைச் சுற்றியுள்ள பாறைகளும், கோணேசர் மலையடிவாரமும் அவனுக்குப் பொருத்தமானவை. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் கோணேசர் கோயிலை இடித்தபோது அதன் கற்கள் மலையிலிருந்து கடலில் வீழ்ந்தன. 1956 இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் அங்கே சுழியோடியபோது செதுக்கப்பட்ட தூண்களையும் கற்களையும் கண்டார்கள். இன்றும் அந்த மலையடியில் இறங்குவோர் பாசி படர்ந்த அக்கற்களிடையே மீன்கள் நுழைந்து திரிவதைப் பார்க்கலாம். அப்பம்மா மேலே கும்பிட்டு நிற்கும் மலையின் அடியில் பேரன் இறங்குவது எனக்கு மிகவும் பிடித்த எண்ணம். அங்கே சில நாள்களில் நீரோட்டம் உண்டு. வழிகாட்டி ‘இன்று வேண்டாம்’ என்றால் வற்புறுத்த வேண்டாம்.

இளைஞர்கள் மூழ்கிய கப்பல்களை ஆவலோடு கேட்பார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் கிழக்குக் கடலில் மூழ்கடித்த விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மீஸ், மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. 300 பேருக்கு மேல் உயிரிழந்த இடம் அது. அதற்குத் தொழில்நுட்பச் சுழியோட்டப் பயிற்சி வேண்டும். அதே நாளில் மூழ்கிய ‘பிரித்திஷ் சார்ஜன்ட்’ எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாப் பக்கம் ஏறத்தாழ 24 மீற்றரில் இருக்கிறது. அதுவும் அவனுடைய எல்லைக்கு அப்பாற்பட்டதே. அடுத்த கட்டப் பயிற்சியை முடித்துக்கொண்டு அவன் வரட்டும், கப்பல் அங்கேயேதான் இருக்கும்.

இளையவனும் உங்கள் மகளும் விரும்பினால், பயிற்றுநரின் நேரடிக் கண்காணிப்பில் 12 மீற்றருக்கு மேற்படாமல் இறங்கும் அறிமுகச் சுழியோட்டம் உண்டு. பத்து வயது நிரம்பியவர்கள் செய்யலாம். மகள் முதலில் மேற்பரப்பில் மிதந்து பழகி, அச்சம் தெளிந்த பின் முடிவெடுப்பது நல்லது.

காரைநகர் அக்கா

தங்கச்சி, உங்களுக்கும் மகளுக்கும் இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது; அதை வீணாக்க வேண்டாம். சோளகக் காலத்தில் எங்கள் கசூரினாக் கடற்கரை வடக்கு நோக்கியிருப்பதால் அமைதியாக இருக்கும், நெடுந்தூரம் இடுப்பளவு நீர்தான். மீன் பார்க்க அது உதவாது. ஆனால் மாஸ்க் போட்டு, மூச்சுக்குழாயைப் பல்லால் கடித்து, முகத்தை நீரில் வைத்தபடி வாயால் மட்டும் மூச்சுவிடப் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. முதல் சில நிமிடங்களில் நெஞ்சு படபடக்கும். எழுந்து நின்று, மீண்டும் வையுங்கள். மாஸ்க்குக்குள் நீர் புகுந்தால் மேல் விளிம்பை அழுத்தி மூக்கால் ஊதி வெளியேற்றுவதையும், குழாய்க்குள் நீர் வந்தால் பலமாக ஊதுவதையும், களைத்தால் மல்லாந்து மிதப்பதையும் அங்கேயே பழகிவிடுங்கள். ஆள்கள் பார்ப்பது கூச்சமாக இருந்தால், மிதந்து பழகுவதற்குக் கீரிமலையில் பெண்களுக்கெனத் தனிக் கேணி இருக்கிறது. விசேட நாள்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

மாஸ்க்கை வாடகைக்கு எடுப்பதைவிட, அளவு பார்த்து வாங்கிக்கொள்வதே மேல். பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுங்கள். கையை விட்டாலும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது உங்களுக்குப் பொருந்துகிறது. கண்ணாடி அணிபவர்களுக்குப் பார்வைக்குறைக்கேற்ற வில்லை பொருத்திய மாஸ்க் உண்டு. மீசை உள்ள ஆண்களுக்கு மேலுதட்டில் நீர் கசியும். மூக்கின் கீழே ஒரு கோடு மட்டும் மழித்துவிட்டால் போதும் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். முகம் முழுவதையும் மூடும் வகை பார்க்க வசதியாகத் தெரிந்தாலும், நீர் புகுந்தால் ஒரே வீச்சில் கழற்றுவது கடினம் என்பதால் அதை நான் ஒருவருக்கும் சொல்வதில்லை.

உடை முக்கியம். சுடிதாரின் மேற்சட்டை நீரில் விரிந்து மேலே எழும். துப்பட்டா கழுத்திலும் காலிலும் சுற்றும். உடலோடு ஒட்டிய முழுக்கை நீச்சல் மேற்சட்டையும் கணுக்கால்வரை நீண்ட இறுக்கமான காற்சட்டையும் அணியுங்கள். மானத்துக்கும் அதுவே மறைப்பு, வெயிலுக்கும் அதுவே, கடற்சொறி (ஜெலிமீன்) தீண்டாமலும் காக்கும். தாலிக்கொடியையும் வளையல்களையும் தங்குமிடத்தில் பூட்டிவிட்டு வாருங்கள். உயிர்காப்பு அங்கி பழையதாக இருந்தால் கொக்கிகளைப் பூட்டிப் பார்த்து, கவட்டுப் பட்டி இல்லாவிட்டால் வேறொன்று கேளுங்கள். பட்டி இல்லாத அங்கி நீரில் மேலெழுந்து முகத்தை மூடும்.

வடமராட்சிக் கடலோடி

முருகைக்கல்லைக் காப்பது பற்றி இதுவரை ஒருவரும் எழுதவில்லை என்பதால் திரும்பி வந்தேன். அது கல் அன்று. ஒவ்வொரு கிளையிலும் ஆயிரக்கணக்கான சிறு உயிர்கள் சேர்ந்து வாழ்கின்றன. கிளைவிடும் வகைகள் வருடத்துக்குச் சில அங்குலம் வளரும். மூளைபோன்ற உருண்டை வகைகள் வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளரும். மேசையளவு பரந்த ஓர் உருண்டையின் வயது நம் பாட்டன்மாரின் வயதைவிடக் கூடியதாகவும் இருக்கலாம். அதன்மேல் ஏறி நின்று கைப்பேசியில் படம் எடுப்பவர்களைப் புறாமலையில் ஒவ்வொரு பருவத்திலும் காண்கிறோம். நீர் சூடேறுவதால் 1998 இலும் 2016 இலும் வெளிறிப்போன பார்கள் மெல்ல மீள முயலும்போது, நம் குதிகால் அதை மிதிப்பது பெரும் கொடுமை.

ஆகவே நிற்க வேண்டுமானால் மணலில் மட்டும் நில்லுங்கள். முருகைக்கல்லுக்கு மேலே நீர் இடுப்பளவுக்குக் குறைவாக இருந்தால் அதைக் கடக்க முயலாதீர்கள், சுற்றிப் போங்கள். பின்ஸ் எனும் துடுப்புக் காலணி அணிந்த காலால் நிமிர்ந்து உதைத்தால் கிளைகள் முறியும். முதன்முறை இறங்குபவர்கள் பின்ஸைத் தவிர்த்து, நீர்ச் சப்பாத்து மட்டும் அணியலாம். பாண் துண்டுகளை மீனுக்குப் போட வேண்டாம். ஒக்சிபென்சோன் கலந்த வெயில் பூச்சு முருகைக்கல்லுக்குக் கேடு என்பதால் ஹவாயும் பலாவுவும் அதைச் சட்டத்தால் தடுத்திருக்கின்றன. முழுக்கை உடை இருந்தால் பூச்சுக்குத் தேவையே குறையும். கரையில் கிடக்கும் இறந்த முருகைக்கல் துண்டைக்கூட எடுத்துவர அனுமதி இல்லை. கனடாப் பிள்ளைகளுக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள்.

சுறாவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அங்கே வருபவை கருமுனைச் சுறாக்கள். ஆளைக் கண்டால் விலகிப் போகும் கூச்ச சுபாவமுள்ளவை. துரத்தாமல், தெறிக்காமல், ஓரிடத்தில் அசையாது மிதந்தால் அவை தாமாகவே சுற்றி வரும். தொடுவதற்கு அஞ்ச வேண்டியவை வேறு: முட்கள் நிறைந்த கடல் முள்ளெலி, பொந்துக்குள் இருக்கும் அஞ்சாளை, கல்லைப்போலவே கிடக்கும் நச்சுமுள் கல்மீன். எதையும் தொடாதவருக்கு இவற்றால் ஆபத்து இல்லை.

கோப்பாய் ஆசிரியை

நிலாவெளியில் திங்கள் முதல் நான்கு இரவுகள் தங்குவதாக முடிவு செய்துவிட்டோம். செவ்வாயும் புதனும் கடல். வியாழக்கிழமை கோணேசர் கோயிலும் கன்னியாவும். வெள்ளிக்கிழமை காலையில்தான் மலைநாட்டுக்குப் புறப்படுகிறோம். மகளும் நானும் வரும் ஞாயிறு கசூரினாவில் தொடங்குகிறோம். காரைநகர் அக்கா அன்று அங்கே இருப்பாராயின் மிகவும் மகிழ்வேன். கடைசியாக ஒன்று: தீவுக்கு நானும் வருவேன் என்று அம்மா இப்போது சொல்லத் தொடங்கிவிட்டார். முழங்கால் நோவு உள்ளவர் அந்தப் படகில் ஏறி இறங்க முடியுமா?

உப்புவெளிவாசி

படகு மணற்கரையில் முட்டி நிற்கும். முழங்காலளவு நீரில் காலெடுத்து வைத்து ஏற வேண்டும். இருவர் தாங்கினால் அம்மா ஏறிவிடுவார், காலை வேளையில் அலை குறைவாக இருப்பதால் அது இன்னும் எளிது. படகோட்டியிடம் முன்கூட்டியே சொல்லி, சிறு பிளாஸ்டிக் முக்காலி ஒன்றையும் கொண்டு செல்லுங்கள். ஏறுவதற்கும் தீவில் இருப்பதற்கும் உதவும். தீவில் நிழல் கொஞ்சமே உண்டு, கடைகள் இல்லை. குடிநீரைத் திரும்பக் கொண்டுவரக்கூடிய போத்தலில் எடுத்துச் செல்லுங்கள், பொலித்தீன் பைகளைத் தவிருங்கள். அனுமதிச்சீட்டு வாங்கும் இடத்தில் உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு. நீங்கள் எல்லோரும் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள், அண்ணாவிடம் இரட்டைக் குடியுரிமைச் சான்று இருந்தால் அதையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

காரைநகர் அக்கா

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கசூரினாவில் நிற்பேன். மகளுக்கு மாஸ்க் இன்னும் வாங்கவில்லையென்றால், என்னிடம் இரண்டு அளவுகளில் இருக்கின்றன. போட்டுப் பார்த்த பின் வாங்கலாம்.